ஒரு பாடநூல், 46 மாணவர்கள், ஒரே ஒருவர் படிக்கிற மின்னூல் உரிமம்: வாங்கலாமா?

பொருநைக்கரை நூலகர் எழுதியது:

வணக்கம். தென் மாவட்டம் ஒன்றில் உள்ள அரசுப் பல்கலைக்கழக நூலகத்தில் உதவி நூலகராக இருக்கிறேன். நூல் வாங்கும் பிரிவு 11 ஆண்டுகளாக என் பொறுப்பு. வரும் வெள்ளிக்கிழமை நூலகக் குழுக் கூட்டம். அதில் ஒரு முடிவைச் சொல்லியாக வேண்டும். மற்ற ஊர்களில் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று தெரிந்தால் உதவியாக இருக்கும்.

முதுகலைப் பொருளியல் முதலாமாண்டில் வளர்ச்சிப் பொருளியல் ஒரு தாள். அதற்கு வெளிநாட்டுப் பதிப்பகம் ஒன்றின் பாடநூலைத்தான் வைத்திருக்கிறார்கள். எங்களிடம் 7 பிரதிகள். அதில் 2 பழைய பதிப்பு, பின் அத்தியாயங்களில் பக்க எண்ணும் புள்ளிவிவரமும் ஒத்துப்போகாது. வகுப்பில் 46 பேர். பாதிக்கு மேல் பஸ்ஸில் வந்து போகிற பிள்ளைகள். 4.40 பஸ்ஸை விட்டால் அடுத்தது 6.30க்குத்தான். ரீடிங் ஹாலில் உட்கார்ந்து படிக்க அவர்களுக்கு நேரமே கிடைப்பதில்லை.

போன மாதம் ஒரு மாணவி கவுண்டர் ஓரமாக நின்றபடியே மூன்றாம் அத்தியாயம் முழுவதையும் பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிரதி அடுத்தவர் பெயரில் ரிசர்வ் ஆகியிருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் பல படங்கள் கலங்கிப்போயிருந்தன. மறுநாள் வந்து, "மேடம், இந்த எட்டுப் பக்கத்தை மட்டும் திரும்ப எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். அதிலிருந்து இது எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

துறைத் தலைவர், மின்னூலாக வாங்கிவிடலாம், எல்லோரும் வீட்டிலிருந்தே படிப்பார்கள் என்று எழுதிக் கொடுத்தார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கொட்டேஷன் கேட்டேன். வந்த தொகையை நம்ப முடியாமல் இரண்டு முறை மெயில் போட்டு உறுதி செய்துகொண்டேன்.

அச்சுப் பிரதியின் இந்திய விலை 895 ரூபாய். எங்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் 15 சதவீதக் கழிவு போக 760 ரூபாய் 75 காசு. அதே நூலின் மின்வடிவம், ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் படிக்கிற உரிமத்துக்கு 38,400 ரூபாய். மூன்று பேர் படிக்க 57,600. எத்தனை பேர் வேண்டுமானாலும் படிக்கலாம் என்கிற உரிமம் இந்த நூலுக்கு விற்பதே இல்லையாம். இதற்கு மேல் ஜிஎஸ்டி. அச்சு நூலுக்கு வரி கிடையாது, அச்சில் வந்த நூலின் மின்வடிவத்துக்கு 2018 முதல் 5 சதவீதம்.

ஒரு தாளை எடுத்து வகுத்துப் பார்த்தேன். 38,400 ரூபாய்க்கு 50 அச்சுப் பிரதிகள் வாங்கலாம். வகுப்பில் இருப்பதே 46 பேர்தான். அதாவது, ஒருவர் படிக்கும்போது மற்ற 45 பேர் காத்திருக்க வேண்டிய ஒரு மின்னூலின் விலையில், ஆளுக்கொரு புத்தகத்தைக் கையிலேயே கொடுத்துவிடலாம்.

குழுவில் நிதி அலுவலர் நிச்சயம் ஒன்று கேட்பார்: ஒரே நாடு ஒரே சந்தா திட்டம்தான் வந்துவிட்டதே, இன்னும் எதற்குத் தனிச் செலவு? அவருக்கு நான் முன்பே சொல்லியிருக்கிறேன். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த அந்த 6,000 கோடி ரூபாய்த் திட்டம், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களுக்கானது. ஆய்வு மாணவர்களுக்கு அது பெரிய கொடை. பாடநூல் அதில் வராது. ஆனாலும் கேட்பார்.

இன்னொரு பக்கம் ஆடிட். அக்செஷன் ரிஜிஸ்டரில், அதாவது நூலகத்துக்கு வந்த நூல்களின் பதிவேட்டில், எண் போட்டு, ஸ்டாக் சரிபார்க்கும்போது எடுத்துக் காட்டுகிற பொருள்தான் உள்ளாட்சி நிதித் தணிக்கைக்காரர்களுக்குப் புத்தகம். "நிரந்தர உரிமம்" என்று 38,400க்குப் பில் வைத்தால், அது எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி நியாயமானது என்றே எனக்கும் தோன்றுகிறது. உண்மையில் அது எங்கே இருக்கிறது?

கடைசியாக ஒன்று. இந்த ஆண்டு வகுப்பில் பார்வையற்ற மாணவர் ஒருவர் இருக்கிறார். நான் மின்னூல் பக்கம் சாய்ந்ததற்கு அவரும் ஒரு காரணம். இப்போது எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை.


ஓய்வுபெற்ற கேட்டலாகர் எழுதியது:

அம்மா, உங்கள் கணக்கு சரி. அதற்குள்ளேயே பதிலும் இருக்கிறது. 50 பிரதி வாங்கிவிடுங்கள்.

நான் சென்னையில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து 2016இல் ஓய்வு பெற்றவன். எங்கள் காலத்தில் இதற்கு புக் பேங்க் என்று ஒரு ஏற்பாடு இருந்தது. பருவம் தொடங்கும் அன்று புத்தகத்தைக் கொடுப்போம், தேர்வு முடிந்து ஹால் டிக்கெட்டோடு திரும்ப வாங்குவோம். இடையில் புதுப்பிக்கிற வேலையும் இல்லை, அபராதமும் இல்லை. 46 பிரதி போக மீதி நான்கைக் கவுண்டருக்குப் பின்னால் ரெஃபரன்ஸாக வையுங்கள். ஒரு புத்தகம் அடுத்தடுத்து வரும் நான்கு வகுப்புகளுக்குத் தாங்கும். முதுகில் காலிகோத் துணி ஒட்டினால் ஐந்து.

ஒருவர் மட்டும் படிக்கிற மின்னூல் என்றதும் எனக்கு ரங்கநாதன் ஞாபகம்தான் வருகிறது. சீர்காழியில் பிறந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற அந்தக் கணித ஆசிரியர், நூல்கள் பயன்பாட்டுக்கே என்பதை முதல் விதியாக வைத்தார். அதை விளக்கும்போது அவர் எடுத்துக்கொண்ட உதாரணம், பழைய ஐரோப்பிய நூலகங்களில் அலமாரியோடு சங்கிலி போட்டுக் கட்டிய புத்தகங்கள். ஒருவர் வந்து நின்று படித்துவிட்டு நகர்ந்தால்தான் அடுத்தவருக்கு. அவர் அறுத்தெறியச் சொன்ன சங்கிலியைத்தான் நாம் இப்போது 38,400 கொடுத்து வாங்கப் பார்க்கிறோம்.

போனில் படம் எடுத்த பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை. அவள் தப்பு ஒன்றும் செய்யவில்லை, அவளைத் தடுக்காதீர்கள். டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் ராமேஸ்வரி போட்டோகாப்பி சர்வீசஸ் என்ற கடை மேல் 2012இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் மூன்றும் சேர்ந்து வழக்குப் போட்டன. பாடத்துக்கு வேண்டிய அத்தியாயங்களைத் தொகுத்துப் படியெடுத்துக் கொடுக்கிறார்கள் என்பது புகார். 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. டிசம்பரில் இரண்டு நீதிபதிகள் அமர்வு, பாடம் நடத்தத் தேவையான அளவுக்குப் படியெடுப்பதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது என்ற நிலையை உறுதி செய்து, அந்தத் தொகுப்புகள் பாடத்துக்குத் தேவையானவைதானா என்பதை விசாரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பியது. 2017 மார்ச்சில் பதிப்பகங்களே வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன.

அதனால் பேராசிரியரிடம் எந்த அத்தியாயங்கள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் சொந்த அச்சுப் பிரதியிலிருந்து வகுப்புக்கு வேண்டியதைத் தெளிவாக ஸ்கேன் செய்து கொடுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: அச்சு நூலுக்கு இந்தச் சட்டம் அப்படியே நிற்கும். மின்னூலாக வாங்கினால் ஒப்பந்தம் என்று ஒன்றில் கையெழுத்துப் போடுகிறீர்கள். இத்தனை பக்கத்துக்கு மேல் படியெடுக்கக் கூடாது என்று அதில் இருந்தால், சட்டம் கொடுத்ததை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டதாக வாதம் வரும்.


மிட்லண்ட்ஸ் மதுரைக்காரன் எழுதியது:

வணக்கம் மேடம். நான் இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் மின்வளங்கள் பிரிவில் 9 ஆண்டுகளாக இருக்கிறேன். உங்கள் கொட்டேஷனைப் பார்த்தபோது எங்களுடையதையே ரூபாயில் படிப்பது போல இருந்தது.

இது உங்களுக்கு மட்டும் போட்ட விலை அல்ல. 2020இல் கோவிட் வந்து நூலகங்களைப் பூட்டியபோது இங்கே எல்லோருமே மின்னூலுக்குப் போக வேண்டியதாயிற்று. சில மாதங்கள் பல பதிப்பகங்கள் இலவசமாகத் திறந்துவிட்டன. அப்புறம் மூடினார்கள். அதற்குப் பிறகு வந்த விலைகளைப் பார்த்துப் பொறுக்க முடியாமல்தான் அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் நூலகர்கள் சிலர் 'இ-புக் எஸ்ஓஎஸ்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். நாடாளுமன்றக் கல்விக் குழு விசாரிக்க வேண்டும் என்று கேட்ட பகிரங்கக் கடிதத்தில் ஆயிரக்கணக்கானோர் கையெழுத்துப் போட்டார்கள், நானும் போட்டேன். அப்போது பிபிசியில் வந்த இரண்டு உதாரணங்கள் இன்னும் மனதில் நிற்கின்றன. ஒரு பொருளியல் நூல், அச்சில் 44 பவுண்டு. ஒருவர் படிக்கிற மின்னூலாக 423, மூவருக்கு 500. தொழிலாளர் சட்ட நூல் ஒன்று, அச்சில் 50 பவுண்டு, மூன்று பேர் படிக்கிற மின்னூல் 1,600.

ஏன் இப்படி? அச்சுப் புத்தகத்தை நூலகம் கடையில் வாங்கலாம், வாங்கியதும் அது நூலகத்தின் சொத்து, யாருக்கு வேண்டுமானாலும் இரவல் கொடுக்கலாம். இதைப் பதிப்பகத்தால் தடுக்க முடியாது. மின்னூலில் விற்பனையே நடப்பதில்லை, அனுமதி மட்டும்தான். நம் பேராசிரியர்கள் சிலர் கேட்பார்கள், கிண்டிலில் 600 ரூபாய்க்குக் கிடைக்கிறதே, அதை வாங்கி நூலகத்தில் போட முடியாதா என்று. முடியாது. அது தனிநபருக்கான அனுமதி. நிறுவனத்துக்கு விலை தனி, அதை வைப்பவர் ஒருவர்தான், பக்கத்துக் கடையில் விசாரிக்கலாம் என்பதே கிடையாது. அதிலும் பாடநூல் என்றால் பதிப்பகம் இன்னும் இறுக்கிப் பிடிக்கும். நூலகத்தில் ஒன்று இருந்துவிட்டால் 46 பேர் வாங்க மாட்டார்கள் என்பது அவர்கள் பயம். ஆய்வு நூல்களை மொத்தத் தொகுப்பாகத் தாராளமாகக் கொடுக்கிற அதே பதிப்பகம், மாணவர்கள் சொந்தமாக வாங்கக்கூடிய நூலைத் தொகுப்பிலிருந்து உருவி எடுத்துத் தனியாக விலை போடும். எல்லோருக்குமான உரிமம் இந்த நூலுக்கு இல்லை என்று உங்களிடம் சொன்னதற்கும் அதுதான் காரணம்.

ஒருவர் உரிமத்தில் நடைமுறை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். தேர்வுக்கு முந்தைய வாரம் ஒரு மாணவர் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போவார். மற்றவர்களுக்கு, நூல் பயன்பாட்டில் உள்ளது என்ற பலகை தெரியும். இரண்டு தடவை அந்தப் பலகையைப் பார்த்தவர் மூன்றாம் தடவை நூலகப் பக்கமே வர மாட்டார், திருட்டு பிடிஎஃப் தேடப் போய்விடுவார். இப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் எண்ணிக்கை மாத அறிக்கையில் எங்களுக்கு வரும். அதைப் பார்க்கிறபோது வயிற்றைப் பிசையும். ஆண்டுக்கு 400 கிரெடிட் என்று இன்னொரு வகை உண்டு. ஒரு மாணவர் ஒரு நாள் திறந்தால் ஒரு கிரெடிட் போகும். உங்கள் 46 பேரும் ஆளுக்கு ஒன்பது நாள் திறந்தாலே தீர்ந்துவிடும்.

நிரந்தர உரிமம் எங்கே இருக்கிறது என்று கேட்டீர்களே, அந்தக் கேள்வியைக் குழுவில் அப்படியே கேளுங்கள். அது விற்பவருடைய சர்வரில் இருக்கிறது. 2022 ஆகஸ்ட் கடைசியில், கல்வியாண்டு தொடங்கப் போகிற நேரத்தில், நூலகங்களுக்கு மின்னூல் கொடுக்கிற புரோகுவெஸ்ட் நிறுவனத்தின் சந்தாத் தொகுப்பிலிருந்து வைலி பதிப்பகம் 1,379 நூல்களை எடுத்துவிட்டது. வாசிப்புப் பட்டியல்கள் எல்லாம் ஏற்கெனவே அச்சாகியிருந்தன. நூலகர்கள் கூச்சல் போட்ட பிறகு 2023 ஜூன் வரை திருப்பிக் கொடுத்தார்கள். அது சந்தா, நிரந்தரம் வேறு என்று சொல்லலாம். சரி. ஆனால் 2025 பிப்ரவரியில் புரோகுவெஸ்டின் உரிமையாளரான கிளாரிவேட், ஒருமுறை பணம் கட்டி நிரந்தரமாக வாங்குகிற முறையையே நிறுத்தப் போவதாக அறிவித்தது. எதிர்ப்பு வந்ததும் கெடுவை 2026 ஜூன் வரை தள்ளி வைத்தார்கள். முன்பே வாங்கியவை இருக்கும், இனிமேல் சந்தாதான். அதாவது, ஒவ்வோர் ஆண்டும் கட்ட வேண்டும், ஒரு ஆண்டு பட்ஜெட் வெட்டப்பட்டால் அலமாரியே காலி.

மின்னூலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆய்வு நூல்களுக்கு, எத்தனை பேர் வேண்டுமானாலும் படிக்கிற, பூட்டுப் போடாத பிடிஎஃப் கொடுக்கிற பதிப்பகங்களின் தொகுப்பை வாங்குங்கள். ஒரு தொகை கட்டி ஓராண்டு முழுத் தொகுப்பையும் திறந்து வைத்து, முடிவில் அதிகம் படிக்கப்பட்டவற்றை மட்டும் அந்தத் தொகைக்குச் சொந்தமாக்கிக்கொள்கிற முறையும் உண்டு, எங்களுக்கு அது நன்றாக வேலை செய்கிறது. இலவசமாகத் திறந்த நூல்களை கேட்டலாகில் ஏற்றுங்கள். டிஓஏபி, ஓஏபென் என்ற இரண்டு இணையத் தளங்களிலும் தரம் பார்த்துச் சேர்த்த ஆய்வு நூல்கள் இருக்கின்றன. இங்கே அரசு ஆய்வு நிதியில் எழுதிய நூல்கள் 2024 ஜனவரியிலிருந்து ஓராண்டுக்குள் திறந்த அணுக்கத்துக்கு வர வேண்டும் என்று விதியே வந்துவிட்டது. ஆனால் உங்கள் இந்தப் பாடநூலுக்கு ஐயா சொன்னதுதான் சரி. அச்சில் வாங்குங்கள்.


செவிவழி வாசகி எழுதியது:

ஐயாவும் மதுரைக்காரர் அண்ணனும் சொன்னதைக் கேட்டேன். கேட்டேன் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. சமூகவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன்.

50 பிரதி வாங்கினால் அந்த 46 பேரில் 45 பேருக்குப் புத்தகம் கிடைக்கும். ஒருவருக்குக் கனமான ஒரு காகிதக் கட்டு கிடைக்கும். மேடம் கடைசிப் பத்தியில் அவரைப் பற்றி எழுதியிருந்தார்கள். இரண்டு பதிலிலும் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

அதே நேரம், 38,400 கொடுத்து மின்னூல் வாங்கினால் அவருக்கு வேலை முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். முதுகலை படிக்கும்போது என் துறைக்காக ஒரு மின்னூல் வாங்கினார்கள். அந்தத் தளத்தின் திரையில் ஒவ்வொரு பக்கமும் படமாக வந்தது. திரையில் உள்ள எழுத்தை வாசித்துச் சொல்லும் என் ஸ்கிரீன் ரீடர் "கிராஃபிக், கிராஃபிக்" என்று மட்டும் சொன்னது. உதவி மெயிலுக்கு எழுதிக் கேட்ட பிறகு எழுத்து வடிவம் திறந்தது. அதிலும் ஒரு சிக்கல். நான் ஒரு பக்கத்தைக் கேட்டு முடிக்கும் வரை எதையும் கிளிக் செய்ய மாட்டேன். சும்மா இருக்கிறேன் என்று நினைத்து அது என்னை வெளியே தள்ளிவிடும். ஒருவர் உரிமம் என்பதால், திரும்ப உள்ளே போவதற்குள் இன்னொருவர் எடுத்திருப்பார். ஒரு அத்தியாயம் கேட்க ஒரு சனிக்கிழமை முழுவதும் போனது. தரவிறக்கி வைத்துக் கேட்கலாம் என்றால், படியெடுக்காமல் இருக்கப் போட்ட பூட்டு என் ரீடரையும் சேர்த்துத் தடுத்தது.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. எங்களுக்காக நூலகம் அணுகத்தக்க பிரதி, அதாவது எங்களால் படிக்க முடிகிற வடிவில் ஒரு பிரதி, தயாரிக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது 52ஆம் பிரிவிலேயே அதைச் சேர்த்துவிட்டார்கள். லாப நோக்கம் இருக்கக் கூடாது, மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும்தான் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். பார்வையற்றோருக்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலில் ஏற்று உறுதி செய்தது நம் நாடுதான். அப்படியிருந்தும் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் நான் கடிதத்தோடு கவுண்டரில் நிற்கிறேன்.

ஆகவே ஸ்கேன் செய்யுங்கள் என்று ஐயா சொன்னதை எனக்காகவும் சொன்னதாக எடுத்துக்கொள்கிறேன். ஆனால் வெறும் ஸ்கேன் போதாது. அது படம்தான். ஓசிஆர் செய்து எழுத்தாக்க வேண்டும், பிறகு ஒரு ஆள் உட்கார்ந்து திருத்த வேண்டும். பொருளியல் நூலில் சமன்பாடு, வரைபடம், அட்டவணை எல்லாம் வரும். ஓசிஆர் அவற்றைச் சிதைத்துவிடும். நல்லவேளையாக இன்னொரு வழியும் உண்டு: பதிப்பகத்திடமே கோப்பைக் கேட்பது. நூலகம் ஒரு பிரதி வாங்கிய பில்லை இணைத்து, பார்வையற்ற மாணவருக்காக என்று எழுதினால், பெரிய பதிப்பகங்கள் பலவும் மாற்றுக் கோப்பு கொடுக்கத் தனி மெயில் முகவரியே வைத்திருக்கின்றன. 2025 ஜூன் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கிற மின்னூல்கள் அணுகத்தக்கவையாக இருக்க வேண்டும் என்று சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதனால் புதிய பதிப்புகளுக்கு அப்படி ஒரு கோப்பு அவர்களிடம் இருக்க வாய்ப்பு அதிகம். கேட்பதற்கு முன் எங்களைப் போன்றவர்களுக்கான இணைய நூலகங்களான சுகம்ய புஸ்தகாலயாவிலும் புக்ஷேரிலும் தேடிப் பாருங்கள், ஏற்கெனவே யாராவது ஏற்றியிருக்கலாம். மாணவரிடம் லேப்டாப் இருந்தால் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் போதும், காசு கிடையாது. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர்கள் இருவர் 2006இல் தொடங்கியது அது.

தமிழ் நூல்களைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இந்த இடத்தை விட்டால் வேறு எங்கே சொல்வது. பல்கலைக்கழகங்களே வெளியிட்ட பழைய தமிழ் பிடிஎஃப்கள் பாமினி மாதிரி எழுத்துருக்களில் இருக்கின்றன. உங்கள் கண்ணுக்கு அது தமிழ். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. "தமிழ்" என்ற சொல் வரும் இடத்தில் என் ரீடர் "ஜே, கே, பி, ஓ, செமிகோலன்" என்று படிக்கும். அதற்கு ஒரு வெளிநாட்டுப் பதிப்பகத்தையும் குறை சொல்ல முடியாது. நாம் செய்து வைத்தது. யூனிகோடுக்கு மாற்றினால் தீரும், மாற்றிகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. உங்கள் நூலகத்தில் அப்படி இருப்பவற்றை எடுத்து மாற்றினால் இந்த ஒரு மாணவருக்கு மட்டுமல்ல, என்னைப் போன்ற எல்லோருக்கும் பயன்படும்.


முதுகலை வகுப்பெடுப்பவர் எழுதியது:

பொருளியல் நடத்துகிறவன் என்ற முறையில் ஒன்று. பாடத்திட்டக் குழுவில் மூன்று முறை உட்கார்ந்திருக்கிறேன். நூல் பெயரை எழுதும்போது அது நூலகத்துக்கு என்ன விலைக்குக் கிடைக்கும் என்று ஒரு முறைகூட நான் கேட்டதில்லை. எங்கள் தவறு அது.

வளர்ச்சிப் பொருளியலுக்கு நல்ல வாய்ப்பு உண்டு. உலக வங்கியின் வளர்ச்சி அறிக்கைகள் 2012 முதல் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. ஐநாவின் மனித வளர்ச்சி அறிக்கை, நம் பொருளாதார ஆய்வறிக்கை எல்லாம் இலவசம். அடிப்படைக் கோட்பாட்டுக்கு கோர் இகான் குழுவினரின் இணைய நூல் இருக்கிறது, போனிலும் நன்றாக விரியும். இ-பிஜி பாடசாலை என்ற இணையதளத்தில் முதுகலைப் பாடங்களே இருக்கின்றன. இவை அந்த ஒரு நூலுக்கு முழு மாற்று ஆகாது. ஆனால் அந்த நூலில் நாங்கள் உண்மையில் நடத்துவது ஆறோ ஏழோ அத்தியாயங்கள்தான். மீதியை இவற்றால் ஈடுகட்டலாம். உங்கள் பேராசிரியரிடம் அத்தியாய எண்களோடு பட்டியல் கேளுங்கள், ஒரு மணி நேரத்தில் போட்டுக் கொடுத்துவிடுவார்.


பொருநைக்கரை நூலகர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. செவிவழி வாசகி, உங்கள் பதிலைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் எதுவும் எழுத முடியவில்லை. அந்த மாணவரைக் காரணமாகச் சொன்னேனே தவிர, அந்தத் தளம் அவருக்கு வேலை செய்யுமா என்று விற்பவரிடம் நான் கேட்கவே இல்லை. நேற்று கேட்டேன். "ஆம், அணுகத்தக்கது" என்று ஒரு வரியில் பதில் வந்தது. ஒரு நாள் சோதனை அணுக்கம் கொடுங்கள், மாணவரையே உட்கார வைத்துப் பார்க்கிறோம் என்றேன். அதற்கு இன்னும் பதில் இல்லை.

இன்று மதியம் மாணவரோடு பேசினேன். இதுவரை அவருடைய அறைத்தோழர் இரவில் பாடத்தை வாசிக்க, அதைப் போனில் பதிவு செய்துகொண்டிருந்திருக்கிறார். மூன்று அத்தியாயம் அப்படியே முடித்துவிட்டார்களாம். எங்களிடம் வந்து கேட்கலாம் என்றே அவருக்குத் தெரியவில்லை. தெரியப்படுத்தாதது நாங்கள்.

வெள்ளிக்கிழமைக்கு இப்படி எழுதி வைத்திருக்கிறேன். இப்போதைய பதிப்பில் 5 பிரதி கையில் இருக்கிறது. 41 வாங்கினால் வகுப்பில் ஆளுக்கொன்று. செலவு 31,191 ரூபாய். அந்த மின்னூலை விட 7,209 ரூபாய் குறைவு, ஜிஎஸ்டியைச் சேர்க்காமலே. பருவம் முழுவதும் கையில் வைத்துக்கொள்ளும்படி புக் பேங்க் முறையில் கொடுப்போம். நாற்பத்தொன்றுக்கும் அக்செஷன் எண் போடலாம், ஆடிட்டில் எடுத்துக் காட்டலாம். அறைத்தோழர் இனி வாசிக்க வேண்டாம் என்பதற்காக, பதிப்பகத்துக்குக் கோப்பு கேட்கும் கடிதத்தை நூலகர் கையெழுத்தோடு நாளையே அனுப்புகிறோம். மூன்று வாரத்தில் வராவிட்டால் நாங்களே ஓசிஆர் செய்வோம். பேராசிரியர் ஏழு அத்தியாயங்களுக்குக் குறி போட்டுக் கொடுத்துவிட்டார். சமன்பாடுகளைத் தட்டச்சு செய்து தர ஆய்வு மாணவிகள் இருவர் சம்மதித்திருக்கிறார்கள்.

இன்னொரு தீர்மானமும் வைக்கப் போகிறேன்: இனி எந்தத் துறை பாடத்திட்டம் திருத்தினாலும், நூல் பட்டியலை இறுதி செய்யும் முன் எங்கள் பிரிவுக்கு அனுப்பி விலையையும் உரிம வகையையும் கேட்க வேண்டும் என்று. அது நிறைவேறுமா தெரியாது, கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கும்.

ஒரு சந்தேகம். கடிதத்தில் எந்த வடிவில் கோப்பு கேட்பது? பிடிஎஃப் என்றே எழுதிவிடலாமா?


செவிவழி வாசகி எழுதியது:

பிடிஎஃப் வேண்டாம் மேடம். முதலில் இபப் என்ற மின்னூல் வடிவில் கேளுங்கள், சமன்பாடுகள் படமாக இல்லாமல் ரீடர் வாசிக்கக்கூடிய மேத்எம்எல் குறியீட்டில் இருக்க வேண்டும் என்று தனியாக ஒரு வரி எழுதுங்கள். அது இல்லையென்றால் வேர்டு கோப்பு. பிடிஎஃப்தான் தருவோம் என்றால் தலைப்பு எது, அட்டவணை எது என்று ரீடருக்குத் தெரியும்படி டேக் செய்த பிடிஎஃப் என்று குறிப்பிடுங்கள், பூட்டு இருக்கக் கூடாது. நூலின் ஐஎஸ்பிஎன், பதிப்பு எண், பில் நகல் மூன்றையும் முதல் மெயிலிலேயே வைத்துவிட்டால் ஒரு வாரம் மிச்சம். வரைபடங்களுக்கு விளக்கம் கேட்டாலும் பெரும்பாலும் கிடைக்காது. ஏழு அத்தியாயங்களில் எத்தனை வரைபடம் என்று எண்ணிச் சொல்லுங்கள், விளக்கம் எப்படி எழுதுவது என்று அந்த ஆய்வு மாணவிகளுக்கு நான் போனில் சொல்லித் தருகிறேன்.